நான்கு மாதத்துக்கு ஒரு பிள்ளை: ஒன்ராறியோவில் சிறு வணிகர்கள் கோ-ஒப் மாணவரை வேலைக்கு எடுக்கும் முறை

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கடையோ, களஞ்சியமோ, நாலைந்து பேர் கொண்ட மென்பொருள் நிறுவனமோ நடத்தும் எங்கள் ஆட்களில் பலரின் வீட்டில் வாட்டர்லூ, யோர்க், மக்மாஸ்ரர் போன்ற பல்கலைக்கழகமொன்றில் படிக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளை கோ-ஒப் என்று நான்கு மாதம் வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ வேலைசெய்துவிட்டுத் திரும்பப் படிக்கப் போகிறது. அதே போன்ற இன்னொரு பிள்ளையைத் தன் வணிகத்துக்கும் எடுக்கலாம் என்பது மட்டும் அந்தத் தாய் தகப்பனுக்குத் தோன்றுவதில்லை. கேட்டால், "அதெல்லாம் பெரிய கொம்பனிகளுக்குத்தானே" என்பார்கள்.

அப்படியில்லை. நான் பலசரக்கு இறக்குமதி மொத்த வியாபாரம் செய்கிறேன். என்னோடு சேர்த்து ஒன்பது பேர். இதுவரை ஆறு கோ-ஒப் மாணவர்களை எடுத்திருக்கிறேன். முதலாவது பிழையாய்ப் போனது, முழுக்க என்னால். அதில் படித்ததையும் பின்னால் வந்த ஐந்து பேரிடம் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கோ-ஒப் பற்றிப் பேசுகிறோம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ஒன்ராறியோ உயர்நிலைப் பள்ளியிலும் கோ-ஒப் உண்டு. அது 110 மணித்தியாலத்துக்கு ஒரு கிரெடிட் என்ற கணக்கில், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் செய்வது. பல்கலைக்கழகக் கோ-ஒப் வேறு. அது முழுநேர வேலை, சம்பளத்தோடு. மாணவர் ஒரு தவணை படிப்பார், ஒரு தவணை வேலைசெய்வார், இப்படி மாறிமாறி நான்கைந்து ஆண்டுகள் போகும். அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் 1906இல் ஹேர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் இதைத் தொடங்கினார். கனடாவில் இதை வேரூன்ற வைத்தது வாட்டர்லூ. 1957இல் அந்தப் பல்கலைக்கழகம் பிறந்ததே கோ-ஒப்போடுதான்.

வாட்டர்லூவை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் முகாமைத்துவமும் கணினியும் படிக்கும் கோ-ஒப் மாணவர்கள் இருக்கிறார்கள். உங்கள் களஞ்சியம் அங்கிருந்து பஸ் தூரத்தில் இருந்தால் அதுவே பெரிய வசதி. சென்ரெனியல், செனெக்கா போன்ற கல்லூரிகளிலும் கோ-ஒப் பாடநெறிகள் உண்டு. கையால் செய்யும் வேலையும் கலந்திருந்தால் கல்லூரி மாணவரே பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

படி 1: ஆளைத் தேட முன் வேலையை வெட்டுங்கள்

இந்தப் பகுதியில்தான் எல்லாம் இருக்கிறது. மற்றப் படிகளில் பிழைவிட்டால் திருத்தலாம். இதில் பிழைவிட்டால் நான்கு மாதமும் போய்விடும்.

என்னுடைய முதல் மாணவர் ஒரு மே மாதத் திங்கட்கிழமை எட்டரைக்கு வந்து நின்றார். நான் சுங்கத் தரகரின் அலுவலகத்தில். அவருக்கு மடிக்கணினி இல்லை, மேசை இல்லை. "ஐ.ரி. வேலைக்கு உதவி" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தேன். என்ன ஐ.ரி. வேலை என்று எனக்கே தெரியாது. களஞ்சியப் பொறுப்பாளர் பாவம், சும்மா இருக்கிற பிள்ளையிடம் லேபல் ஒட்டக் கொடுத்தார். மூன்றாம் கிழமையும் அவர் லேபல்தான் ஒட்டிக்கொண்டிருந்தார். தவணை நடுவில் பல்கலைக்கழக ஆலோசகர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இதுவரை இவர் என்ன செய்திருக்கிறார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பிள்ளையின் படிப்பில் ஒரு தவணையை நான் வீணாக்கியிருக்கிறேன் என்பது அந்தக் கேள்வியில்தான் உறைத்தது.

அடுத்த முறை, விளம்பரம் எழுத முன் இரண்டு கிழமை யோசித்தேன். எங்களுக்கு எங்கே காசு கசிகிறது? காலாவதியாகும் சாமானில். புதுப் பெட்டி முன்னால் அடுக்கப்பட, பழைய தேங்காய்ப்பால் பெட்டி பின்னால் போய்விடும். கண்டுபிடிக்கும்போது திகதி முடிந்திருக்கும். அதனால் வேலையை இப்படி ஒரு வரியில் எழுதினேன்: "அடுத்த 60 நாளில் காலாவதியாகும் பெட்டி எது, எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை, களஞ்சியத்தில் நிற்கும் எவரும் தன் கைபேசியில் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்."

இந்த ஒரு வரிக்கு முடிவு உண்டு. நான்கு மாதத்தில், அதாவது ஏறத்தாழ 16 கிழமையில், முடிந்ததா இல்லையா என்று எவரும் சொல்லலாம். அது நடக்காவிட்டாலும் வியாபாரம் நின்றுவிடாது. இதுவும் முக்கியம்: நாளைக்கே நடந்தாக வேண்டிய வேலையை, சம்பளப் பட்டியல், எச்.எஸ்.ரி. விற்பனை வரிக் கணக்கு போன்றதை, நான்கு மாதத்தில் போகப்போகிறவரின் தலையில் வைக்காதீர்கள்.

அந்த வேலைக்கு வந்தவர் இரண்டாம் ஆண்டு மாணவி. முதல் மூன்று நாளும் கணினியைத் தொடவேண்டாம், களஞ்சியப் பொறுப்பாளரோடு நில்லுங்கள் என்று சொன்னேன். அவர் இருபது வருடமாக ஒரு சீ.ஆர். கொப்பியில் சிவப்புப் பேனையால் திகதி எழுதிவருகிறவர். இரண்டாம் நாள் அந்தப் பிள்ளை கொப்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டது: "அங்கிள், இதில 03/04 எண்டு இருக்கு. மூண்டாம் மாசமோ, நாலாம் மாசமோ?"

"அது பெட்டியைப் பாத்தாத் தெரியும் பிள்ளை."

பெட்டியைப் போய்ப் பார்த்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பெட்டியில் நாள் முதலில். இங்கே பொதி செய்த பெட்டியில் மாதம் முதலில். இன்னொன்றில் ஆண்டு முதலில். கொப்பியில் எல்லாம் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தது. இருபது வருடம் நாங்கள் ஒருவரும் கவனிக்காததை ஒரு பிள்ளை இரண்டாம் நாள் கண்டுபிடித்தது. அவர் செய்த மென்பொருளின் முதல் விதியே அதுதான்: மாதத்தை எண்ணாக அடிக்க விடாது, பெயரைத் தெரிவுசெய்ய வேண்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். வேலையை வடிவாக வெட்டிவைத்தால், மாணவர் நீங்கள் கேட்டதைவிடக் கூடுதலாகவே தருவார். வெட்டாமல் விட்டால் லேபல்தான்.

புதிதாக நிறுவனம் தொடங்குபவர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்கள் முதல் ஊழியராகக் கோ-ஒப் மாணவரை எடுக்காதீர்கள். நீங்கள் முதலீட்டாளரைத் தேடி அலைந்துகொண்டிருக்க, பிள்ளை தனியே உட்கார்ந்து யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருக்கும். நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது பக்கத்தில் இருந்து பதில் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். "சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு தருகிறேன்" என்ற பேச்சே வேண்டாம்.

படி 2: நாட்காட்டியைப் பாருங்கள்

வேலைத்தவணை மூன்று: ஜனவரி முதல் ஏப்ரல், மே முதல் ஓகஸ்ற், செப்ரெம்பர் முதல் டிசெம்பர். ஆட்சேர்ப்பு ஒரு தவணை முன்னாலேயே தொடங்கிவிடும். ஜனவரிக்கு ஆள் வேண்டுமென்றால் செப்ரெம்பரில் விளம்பரம் போட வேண்டும். மே மாதத்துக்கு ஜனவரியில், செப்ரெம்பருக்கு மே மாதத்தில்.

வாட்டர்லூவில் இதெல்லாம் வாட்டர்லூவேர்க்ஸ் என்ற தளத்தில் நடக்கிறது. நிறுவனத்தைப் பதிவுசெய்யக் கட்டணமில்லை. கோ-ஒப் அலுவலகத்தில் உங்களுக்கு வழிகாட்ட ஆள் இருப்பார். வெட்கப்படாமல் கூப்பிட்டுக் கதையுங்கள். முதல் சுற்றைத் தவறவிட்டாலும் பின்னால் அடுத்த சுற்று வரும். அதில் மிஞ்சினவர்கள்தான் கிடைப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். என்னுடைய ஆறு பேரில் இருவர் அப்படிக் கிடைத்தவர்கள், இருவருமே கெட்டிக்காரர்.

படி 3: காசுக் கணக்கு

பல்கலைக்கழகம் அங்கீகரித்த திட்டத்தில் வேலைசெய்யும் மாணவருக்கு ஒன்ராறியோவின் வேலைத்தரச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளம் போன்ற விதிகளிலிருந்து விலக்கு வைத்திருக்கிறது. இதைக் கேள்விப்பட்டுச் சிலர், "அப்ப குறைச்சுக் குடுக்கலாமே" என்று கேட்கிறார்கள். கூடாது. கோ-ஒப் அலுவலகம் சம்பளமுள்ள வேலையைத்தான் எதிர்பார்க்கிறது. அதோடு, 2025 ஒக்ரோபர் முதல் ஒன்ராறியோவின் பொதுக் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். அதைக்கூடக் கொடுக்க மனமில்லாதவரிடம் நல்ல பிள்ளை வராது. எந்தத் துறைக்கு, எத்தனையாவது தவணைக்கு என்ன சம்பளம் போகிறது என்பதை வாட்டர்லூவே வெளியிடுகிறது. அதைப் பார்த்து நடுவில் ஒரு தொகையை வையுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 கிழமை, கிழமைக்கு 37.5 மணி, மொத்தம் 600 மணி. மணிக்கு 24 டொலர் என்றால் 14,400 டொலர். அதன்மேல் 4 வீதம் விடுமுறைக் கொடுப்பனவு, பிறகு சி.பி.பி. ஓய்வூதியம், ஈ.ஐ. வேலையிழப்புக் காப்புறுதி இரண்டுக்கும் உங்கள் பங்காகச் சம்பளத்தில் 7, 8 வீதம்.

இதில் இரண்டு உதவி உண்டு. ஒன்று மத்திய அரசின் மாணவர் வேலைவாய்ப்புத் திட்டம். 2017இல் தொடங்கியது. சம்பளத்தில் பாதி, கூடியது 5,000 டொலர் என்பது அதன் அடிப்படை. முதலாம் ஆண்டு மாணவர், கணினி பொறியியல் போன்ற துறைகளில் படிக்கும் பெண்கள், புதுக் குடிவரவாளர், மாற்றுத்திறனாளிகள், பழங்குடியினர், வெள்ளையரல்லாத சிறுபான்மையினர் ஆகியோருக்கு 70 வீதம், கூடியது 7,000 டொலர். அரசு இதை நேரே கொடுப்பதில்லை. துறைவாரியாக ஐ.சி.ரி.சி., பயோரலன்ட் கனடா, மக்னெற் போன்ற அமைப்புகள் வழியாகக் கொடுக்கிறது. மாணவர் கனடியக் குடிமகனாகவோ, பி.ஆர். என்ற நிரந்தர வதிவுரிமை உள்ளவராகவோ, அகதியாக ஏற்கப்பட்டவராகவோ இருக்க வேண்டும். சர்வதேச மாணவருக்கு இது கிடையாது. நிதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், தீர்ந்தால் மூடிவிடுவார்கள். ஆகவே மாணவர் வேலை தொடங்க முன்னரே விண்ணப்பித்து, ஒப்புதல் கையில் வந்த பிறகு கணக்கில் சேருங்கள்.

மற்றது ஒன்ராறியோவின் கூட்டுறவுக் கல்வி வரிச்சலுகை. முந்தைய ஆண்டில் உங்கள் மொத்தச் சம்பளச் செலவு 400,000 டொலருக்குள் என்றால் 30 வீதம், அதற்கு மேல் படிப்படியாகக் குறைந்து 600,000இல் 25 வீதம். ஒரு தவணைக்கு உச்சம் 3,000 டொலர். குறைந்தது 10 கிழமை வேலை நடந்திருக்க வேண்டும். இது திருப்பித் தரும் சலுகை. இலாபம் இல்லாத வருடத்திலும் காசு வரும். இதற்குப் பல்கலைக்கழகம் தரும் தகுதிக் கடிதம் தேவை. அதைக் கோப்பில் வைத்திருங்கள். கணக்காளரிடம் "அட்டவணை 550" என்று சொன்னால் அவருக்கு விளங்கும்.

இரண்டையும் எடுக்கலாம், ஆனால் முதல் உதவியைக் கழித்துவிட்டுத்தான் இரண்டாவதைக் கணக்கிட வேண்டும். மேலே சொன்ன 14,400இல் 5,000 கழித்தால் 9,400. அதில் 30 வீதம் 2,820. ஆக 7,820 டொலர் திரும்பி வருகிறது, உங்கள் கையிலிருந்து போவது 6,580, விடுமுறைக் கொடுப்பனவும் மற்றதும் தவிர. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: முதல் உதவி தவணை முடிந்துதான் வரும், இரண்டாவது வரி தாக்கல் செய்த பிறகு வரும். சம்பளத்தை ஒவ்வொரு முறையும் முழுதாகக் கொடுக்க வங்கியில் காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சொந்த மகனையோ மகளையோ கோ-ஒப் என்று எழுதி உதவி எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்த வழியில் போகாதீர்கள். உங்கள் பிள்ளைக்கும் வெளியில் நாலு பேரிடம் வேலை பழகுவதுதான் நல்லது.

படி 4: விளம்பரம்

பெரிய நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்து எழுத வேண்டாம். "வேகமான சூழல், பலதிறன், குழுமனப்பான்மை" எல்லாம் மாணவர் ஆயிரம் தடவை வாசித்தவை. வங்கியோடு சம்பளத்தில் போட்டிபோட எங்களால் முடியாது. எங்களிடம் வேறொன்று இருக்கிறது: இங்கே அவர் செய்வதை அடுத்த நாளே ஒருவர் பாவிப்பார்.

என் விளம்பரத்தின் முதல் பந்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்: "நாங்கள் ஒன்பது பேர். ரொறொன்ரோவைச் சுற்றியுள்ள பலசரக்குக் கடைகளுக்கு இலங்கை, இந்தியச் சாமான் கொடுக்கிறோம். எங்கள் காலாவதித் திகதிகள் ஒரு கொப்பியில் இருக்கின்றன. அவற்றைக் கைபேசிக்குக் கொண்டுவருவது உங்கள் வேலை. களஞ்சியத்தில் நிற்கவும் வேண்டும், அங்கே குளிராக இருக்கும். உங்களை நேரடியாக மேற்பார்வை செய்வது உரிமையாளர்." அதன்கீழ் சம்பளம், இடம், பஸ் வசதி, வீட்டிலிருந்து செய்யலாமா என்பது. இவ்வளவுதான்.

நான்கு மொழி தெரிய வேண்டும், மூன்று வருட அனுபவம் வேண்டும் என்று பட்டியல் போட்டால் 1பி தவணை முடித்த கெட்டிக்காரப் பிள்ளை பயந்து விண்ணப்பிக்காது. வாட்டர்லூவில் 1ஏ, 1பி, 2ஏ என்று தவணையைச் சொல்வார்கள்: முதலாம் ஆண்டின் முதல் படிப்புத் தவணை 1ஏ, இரண்டாவது 1பி. மூத்தவர்களைப் பெரிய நிறுவனங்கள் கொண்டுபோய்விடும். எங்களுக்குப் பொருந்துவது 1பி முதல் 2பி வரை.

படி 5: நேர்காணல்

அரை மணி போதும். தந்திரக் கேள்வி வேண்டாம். நீங்கள் வெட்டிவைத்த வேலையையே மேசையில் வையுங்கள். நான் கொப்பியின் ஒரு பக்கத்தைப் படமெடுத்துக் காட்டி, "இதைப் பார்த்தால் என்னிடம் என்ன கேட்பீர்கள்?" என்பேன். உடனே தீர்வு சொல்லத் தொடங்குபவரைவிட, மூன்று நல்ல கேள்வி கேட்பவரைத்தான் எடுப்பேன். எங்கே பிறந்தீர்கள், என்ன சமயம், கலியாண எண்ணம் இருக்கிறதா என்பதெல்லாம் எங்கள் ஆட்கள் பழக்கத்தில் கேட்பவை. இங்கே கேட்கக் கூடாது, மனித உரிமைச் சட்டத்தில் மாட்டுவீர்கள். கனடாவில் வேலைசெய்யச் சட்டப்படி அனுமதி உண்டா என்று மட்டும் கேட்கலாம்.

வாட்டர்லூவின் முதல் சுற்றில் நேர்காணல் முடிந்ததும் நீங்கள் மாணவரை வரிசைப்படுத்துவீர்கள், மாணவர் வேலைகளை வரிசைப்படுத்துவார், தளம் இரண்டையும் பொருத்தும். ஒருவரை மட்டும் போட்டுவிட்டு இருந்தால் வெறுங்கையோடு நிற்க நேரிடும். பிடித்த எல்லாரையும் ஒழுங்காக வரிசையில் போடுங்கள். வெளியில் தொலைபேசி எடுத்து "நீதான், வந்துவிடு" என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். அது விதிமீறல், பிள்ளைக்கும் தர்மசங்கடம். பொருத்தம் வந்த பிறகு பின்வாங்கவும் முடியாது.

படி 6: முதல் நாளுக்கு முன்

இதுவே உங்கள் முதல் ஊழியர் என்றால் சி.ஆர்.ஏ. என்ற வரித் திணைக்களத்தில் சம்பளக் கணக்குத் திறக்க வேண்டும். உங்கள் தொழில் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற வேலையிடக் காப்புறுதிக்குள் வருவதானால் ஆளெடுத்த 10 நாளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். மாணவரிடம் வரிக்கழிவுக்கான ரி.டி.1 படிவமும் சின் என்ற சமூகக் காப்புறுதி இலக்கமும் வாங்குங்கள். சின் 9இல் தொடங்கினால் அவர் தற்காலிக வதிவாளர். அதன் முடிவுத் திகதியையும் வேலை அனுமதியையும் பார்த்து, சந்தேகமிருந்தால் கோ-ஒப் அலுவலகத்தைக் கேளுங்கள்.

மென்பொருளோ வடிவமைப்போ செய்விப்பதென்றால் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். கனடாவில் ஊழியர் வேலையின்போது எழுதியதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே. ஆனாலும் எழுத்தில் இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

மடிக்கணினி, கடவுச்சொல், மேசை, கதிரை, சாவி, சாப்பாடு சூடாக்கும் இடம். இதெல்லாம் வெள்ளிக்கிழமையே தயாராக இருக்கட்டும். திங்கள் காலை நீங்கள் கட்டாயம் அங்கே நில்லுங்கள். முதல் கிழமை முடிவதற்குள் அவர் செய்த சின்னதொரு காரியத்தையாவது மற்றவர்கள் பாவிக்க வேண்டும்.

படி 7: நடுவில்

ஒவ்வொரு வெள்ளியும் அரை மணி, தேநீரோடு. இந்தக் கிழமை என்ன நடந்தது, எங்கே மாட்டுப்பட்டீர்கள், அடுத்த கிழமை என்ன. நான் இதை ஒரு முறை பிஸி என்று இரண்டு கிழமை விட்டேன். அந்த இரண்டு கிழமையும் ஒரு பிள்ளை பிழையான விலைப்பட்டியலை வைத்து வேலைசெய்திருந்தது. கேட்கப் பயந்திருக்கிறது. எங்கள் வீடுகளில் பெரியவரைக் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள் நிறைய. "விளங்காட்டிக் கேளுங்கோ, கேக்கிறதுக்குத்தான் நான் இருக்கிறன்" என்று முதல் நாளே வாய்திறந்து சொல்லுங்கள். பிறகு கேட்கும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள்.

வாடிக்கையாளர் கடன் விவரம், வங்கிக் கடவுச்சொல் இரண்டையும் கொடுக்க வேண்டாம். சோதித்துப் பார்க்க உண்மையான கணக்கின் பிரதியைக் கொடுங்கள், அசலை அல்ல.

படி 8: கடைசி இரண்டு கிழமை

புது வேலை எதையும் தொடங்க விடாதீர்கள். 15ஆம் கிழமை முழுதும் எழுதி ஒப்படைக்க. எப்படி இயக்குவது, எங்கே பிழை வரும், கடவுச்சொல் யாரிடம் என்று சாதாரண மொழியில் நாலு பக்கம். 16ஆம் கிழமை, அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் ஆள் ஒருவர் தனியே இயக்கிப் பார்க்க வேண்டும், மாணவர் பக்கத்தில் வாய்திறக்காமல் இருக்க வேண்டும். எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் அப்படி இயக்கிப் பார்த்தபோது ஆறு இடத்தில் நின்றுவிட்டார். அந்த ஆறு இடத்தையும் அந்தப் பிள்ளை அன்றே திருத்தி எழுதியது.

பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் எழுதும் மதிப்பீட்டை அவசரத்தில் அடிக்காதீர்கள். அது அவருடைய பதிவில் நிற்கும். அனுப்ப முன் அவரோடு இருந்து வாசித்துக் காட்டுங்கள். கடைசிச் சம்பளத்தோடு விடுமுறைக் கொடுப்பனவு, வேலைப் பதிவுப் பத்திரம், அடுத்த பெப்ரவரி முடிவதற்குள் ரி4 என்ற ஆண்டுச் சம்பளச் சீட்டு.

அடுத்த தவணைக்கும் ஆள் வேண்டுமா என்பதை மட்டும் இந்தக் கடைசிக் கிழமைக்கு விட்டுவைக்காதீர்கள். செப்ரெம்பருக்கான விளம்பரம், மே மாதம் வந்த பிள்ளைக்குக் கதிரை போடும் நாட்களிலேயே போக வேண்டும். நான் இப்போது அந்த விளம்பரத்தின் வரைவைப் புதிதாக வந்த பிள்ளையிடமே இரண்டாம் கிழமை கொடுத்து, "இது உங்களுக்கு விளங்குதோ, இப்பிடி எழுதினா நீங்கள் வருவீங்களோ" என்று கேட்கிறேன். போன முறை கொடுத்தபோது அவர் ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டு மேலே எழுதித் தந்தார்: "களஞ்சியம் உண்மையாகவே குளிர், ஜக்கெற் கொண்டுவாருங்கள்."